முக்காட்டுமலையில பேர் கூப்பிடுற நேரம்

எங்க முக்காட்டுமலைக்குச் சுத்திப் பாக்க வர்றவங்ககிட்ட, அவங்க என் ஜீப்புல ஏறி உக்காருறதுக்கு முன்னாடியே நான் ஒண்ணு சொல்லிருவேன்: மேகம் எறங்குறப்போ வெட்டவெளியில நின்னீங்கன்னா நீங்களும் மேகமாயிருவீங்க, பயப்பட ஒண்ணுமில்ல, கூட வந்தவங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப ஆளா வெளிய வந்துருவீங்க, ரெண்டு நாளைக்குச் சளி பிடிக்கும், அவ்வளவுதான். காலையில பதினோரு மணிக்கு ஒரு மேகம் வரும், அது அரைமணி நேரம் நின்னுட்டுப் போயிரும். சாயங்காலம் நாலு மணிக்கு வர்றதுதான் பெரிசு, சோலைக்காட்டுல எறங்கி, தேயிலைக்காடு முழுக்க மேஞ்சு, ரோட்டோரமா நகர்ந்து நகர்ந்து ஆறு மணிக்குக் கணவாயைத் தாண்டி மேற்கால போயிரும். கூரைக்குக் கீழ இருந்தா ஒண்ணும் ஆகாது, ஜீப்புக்குள்ள இருந்தாலும் ஒண்ணும் ஆகாது, குடை மட்டும் செல்லாது. இதைச் சொன்னதும் சில பேர் சிரிப்பாங்க, சில பேர் செல்போனைத் தூக்குவாங்க. நான் வண்டியை எடுத்துருவேன்.

எங்களுக்கு இது பழகிப் போச்சு. எங்க ஊர்ல பிள்ளை பிறந்தா தொப்புள்கொடி அறுக்கிறதுக்குள்ள பேர் வச்சிருவாங்க, நாள் பாத்து ஆள் கூட்டி வைக்கிறதெல்லாம் கீழ இருக்கிறவங்களோட வசதி, இந்த ஒரு விசயத்துல மட்டும் கோயில் பூசாரியும் பங்குச்சாமியாரும் பள்ளிவாசல் அசரத்தும் ஒரே பேச்சு. ஊருக்குள்ள ஒருத்தர் உயிரோட இருக்கையில அவர் பேரை இன்னொரு பிள்ளைக்கு வைக்க மாட்டோம், கூப்பிட்டா ரெண்டு பேர் வந்து நிப்பாங்க, வேலைக்காவாது. பஸ்ஸை எடுக்கிறதுக்கு முன்னாடி கண்டக்டர் படிக்கட்டுல தொங்கிக்கிட்டு மேகத்தைப் பாத்து ஒவ்வொரு பேரா கூப்பிடுவாரு, சனங்க பையும் கூடையுமா ஈரத்தைத் தட்டிவிட்டுக்கிட்டு ஏறுவாங்க. புருசன் பேரைச் சொல்லக் கூடாது, மாமனார் பேரைச் சொல்லக் கூடாதுங்கிற பேச்செல்லாம் எங்ககிட்ட கிடையாது, மருமக வாசல்ல நின்னு "யேசுவடியான்"னு மாமனாரைக் கூப்பிடுவா, அவரும் நல்ல பிள்ளையா வெளிய வருவாரு. கல்யாணம் பேசினா மொதல்ல பொண்ணை மேகத்துல நிறுத்தி மாப்பிள்ளையைக் கூப்பிடச் சொல்லுவோம். ஒரு தடவை ஒரு மாப்பிள்ளை வாய் தவறி வேற ஒருத்தி பேரைச் சொல்லி, அவளும் தலையைத் துவட்டிக்கிட்டே வந்து நின்னுட்டா. அப்புறம் அவளையே கட்டி வச்சோம், இப்போ மூணு பிள்ளைங்க, நல்லாத்தான் இருக்காங்க.

எஸ்டேட்டுல தெனமும் பெரட்டு உண்டு, அதாவது ஆள் கணக்கெடுக்கப் பேர் கூப்பிடுறது. மத்த எஸ்டேட்டுல காலையில ஒரு தடவை கூப்பிட்டா முடிஞ்சது, எங்களுக்கு மேகம் வந்து போற ஒவ்வொரு தடவையும் கூப்பிடணும். பொன்னுத்தாய்னு எங்க சூப்பர்வைசர் அம்மா, அவங்க தொண்டைக்கு மைக் வேணாம். கையில நோட்டு இருக்கும், பாக்க மாட்டாங்க. நூத்திப் பதினெட்டு பேரையும் அப்பன் பேரோட சேத்துக் கூப்பிடுவாங்க, கூப்பிடக் கூப்பிடக் கொழுந்துக்கூடையோட ஒவ்வொருத்தியா வெள்ளைக்குள்ள இருந்து வருவாளுக.

ஆறு மணிக்குள்ள கூப்பிடாம விட்டுப் போனா என்ன ஆகும்னு எல்லாரும் கேப்பாங்க. மேகத்தோட கணவாயைத் தாண்டிப் போயி அந்தப் பக்கம் மழையாப் பெஞ்சிருவாங்க. அதுக்கப்புறம் கூப்பிட்டுப் பிரயோசனமில்ல. எனக்குத் தெரிஞ்சு மூணு பேர் அப்படிப் போயிருக்காங்க. அதுல ஒருத்தர் வனத்துறையில புதுசா மாத்தலாகி வந்தவரு, எல்லாரும் "ஆபீசர், ஆபீசர்"னே கூப்பிட்டுப் பழகி அவர் பேர் ஒருத்தருக்கும் தெரியாமப் போச்சு. மறுநாள் அந்தப் பக்கத்து ஊர்க்காரங்க சொல்லியனுப்பினாங்க, நேத்துப் பெஞ்ச மழையில வெத்தலை வாசம் அடிச்சுதுன்னு. அவர் வெத்தலை போடுறவருதான். எங்களுக்கு ரொம்ப நாளைக்கு மனசே சரியில்ல.

இப்போ கோமதிநாயகம் அண்ணாச்சி கதைக்கு வாரேன். ஐப்பசியில ஒரு செவ்வாய்க்கிழமை, அம்பாசமுத்திரம் பக்கத்துல இருந்து அவரும் அவர் சம்சாரமும் வந்து லாட்ஜுல தங்கியிருந்தாங்க. அவருக்கு அறுபத்திரண்டு வயசு, பஞ்சாலையில டைம்கீப்பரா இருந்து ஓய்வு வாங்கினவரு. முப்பத்தஞ்சு வருசம் ஆளுகளை டோக்கன் நம்பரைச் சொல்லியே கூப்பிட்டேன்னு பெருமையாச் சொன்னாரு. குரங்குக்குல்லாய்க்கு மேல மப்ளர், மப்ளருக்கு மேல துண்டு, கண்ணும் மூக்கும் மட்டும்தான் ஊரைப் பாத்துச்சு. அந்தம்மா ஒல்லியா, நெத்தியில பெரிய பொட்டு, பச்சை நூல்சேலை, ஸ்வெட்டர்கூடப் போடல. கல்யாணமாகி முப்பத்தினாலு வருசத்துல அவங்க ரெண்டு பேரும் சேந்து கோயிலுக்கும் சாவுக்கும் இல்லாம ஊர் பாக்கன்னு கெளம்பினது இதுதான் மொத தடவைன்னு அந்தம்மாவே சொன்னாங்க.

நல்ல சோடிங்க, சும்மா சொல்லக் கூடாது. அவர் கடிகாரத்தைப் பாத்துப் பாத்து "அருவிக்கு இருபது நிமிசம், தேயிலை ஃபேக்டரிக்கு முப்பது நிமிசம்"னு திட்டம் போடுவாரு, அந்தம்மா "அருவி டூட்டி முடிஞ்சு போயிருமோ"ன்னு கேலி பண்ணுவாங்க, அவரும் சிரிப்பாரு. சூடா மக்காச்சோளம் வாங்கி, நார் எடுத்து, ஊதி ஊதி அவங்க கையில கொடுத்தாரு. சோலைக்காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போனேன். மரமெல்லாம் பாசி பிடிச்சு, கிளைக்குக் கிளை ஆர்க்கிட் பூ தொங்குது, மேல சிங்கவால் குரங்கு குடும்பத்தோட உக்காந்து எங்களை வேடிக்கை பாக்குது, அந்தம்மா செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு வெறுங்காலோட பாசியில நடந்தாங்க, ஒரு அடி வச்சு நின்னு, இன்னொரு அடி வச்சு நின்னு. அட்டை கடிக்கும்மான்னேன். "கடிச்சா கடிக்கட்டும், அதுக்கும் பசிக்கும்லா"ன்னாங்க.

ஆனா ஒண்ணு கவனிச்சேன், என் தொழிலே கூப்பிடுறதைக் கவனிக்கிறதுதானே. அவர் "வசந்தா, வசந்தா"ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. வசந்தா என் கண்ணாடி எங்க, வசந்தா தண்ணி பாட்டில், வசந்தா அந்த மாத்திரை சாப்பிட்டுட்டேனா. ஒவ்வொரு தடவையும் அந்தம்மா திரும்புவாங்க, கண்ணாடியும் தண்ணியும் வந்துரும், முகம் மட்டும் ஒரு நொடி தாமசமாத் திரும்பும். கீழ இருந்து வர்றவங்ககிட்ட இதெல்லாம் கேக்கக் கூடாதுன்னு நானும் விட்டுட்டேன். அன்னைக்கு நான் கேட்டிருக்கணும்.

பதினோரு மணி மேகம் வந்தப்போ நாங்க டீக்கடைக் கூரைக்குக் கீழ நின்னோம். எதுத்தாப்புல தேயிலைச் சரிவு, கொழுந்து கிள்ளிக்கிட்டிருந்த பொம்பளைங்க ஒவ்வொருத்தியா வெளுத்துக் கரைஞ்சாளுக, பேசிக்கிட்டிருந்த பேச்சு பாதியில நின்னுச்சு. அண்ணாச்சி கடிகாரத்தைப் பாத்தாரு. அரைமணி கழிச்சுப் பொன்னுத்தாய் தொண்டையைச் செருமிக்கிட்டு ஆரம்பிச்சாங்க. "முத்துக்கறுப்பன் மக செல்லக்கிளி." செல்லக்கிளி வந்தா. "ஞானமுத்து மக தெரசம்மா." தெரசம்மா வந்தா. இப்படி ஒருத்தியும் பாக்கியில்லாம நூத்திப் பதினெட்டும் வந்து முடியுற வரைக்கும் அந்தம்மா கையில டீயை வச்சுக்கிட்டுக் குடிக்காமலே நின்னாங்க, டீ ஆறிப் போச்சு.

"உள்ள இருக்கையில எப்படித் தம்பி இருக்கும்?"ன்னு எங்கிட்ட கேட்டாங்க.

"நல்லாருக்கும்மா. எந்த வேலையும் பாக்கி இல்லாத மாதிரி இருக்கும்"னேன்.

"எந்த வேலையும் பாக்கி இல்லாத மாதிரியா"ன்னு மெதுவாச் சொல்லிப் பாத்துக்கிட்டாங்க. அப்புறம் ஜீப்புல ஏறிட்டாங்க.

சாயங்காலம் மூணே முக்காலுக்குக் காட்சிமுனைக்கு வந்தோம். கணவாய்க்கு ரெண்டு கிலோமீட்டர் முன்னாடி, ரோட்டோரத்துல ஒரு சிமெண்டுக் கூரை, அதையொட்டி ஒரு டீக்கடை, கீழ பள்ளத்தாக்கு. கூரைக்குள்ள நில்லுங்க, நாலாகப் போகுதுன்னேன். அண்ணாச்சி உள்ள நின்னு செல்போன்ல படம் எடுத்துக்கிட்டிருந்தாரு. மேகம் சோலையை விட்டு எறங்கி வந்துச்சு, வெள்ளாட்டு மந்தை எறங்குற மாதிரி, அவசரமே இல்லாம. அந்தம்மா சேலைத்தலைப்பை இடுப்புல செருகிக்கிட்டு, செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு, "நான் கொஞ்ச நேரம் உள்ள இருந்துட்டு வாரேன். ஒரு பத்து நிமிசம் கழிச்சுக் கூப்பிடுங்க"ன்னு சொல்லிட்டு எறங்கி நடந்தாங்க. அண்ணாச்சி "சரி, நாலு பத்துக்குக் கூப்பிடுதேன்"னாரு. நிறைய பேர் ஆசைப்பட்டு உள்ள போயிட்டு வர்றதுதான், அதனால நானும் தடுக்கல. மொதல்ல கால் போச்சு, அப்புறம் பச்சைச் சேலை, கடைசியா அந்தப் பொட்டு.

சொன்ன சொல் தவறாம நாலு பத்துக்கு அண்ணாச்சி கூப்பிட்டாரு. "வசந்தா."

வரல. இன்னும் கொஞ்சம் சத்தமாக் கூப்பிட்டாரு, மப்ளரை எறக்கிவிட்டுட்டுக் கூப்பிட்டாரு, வெளையாடாத வசந்தான்னு கூப்பிட்டாரு. நாலரை ஆச்சு. நானும் கூப்பிட்டேன், டீக்கடைக்காரரும் கூப்பிட்டாரு, எங்க பக்கம் சில சமயம் காத்து குறுக்க வந்தா சத்தம் போய்ச் சேராது. போன் போட்டுப் பொன்னுத்தாயை வரவழைச்சோம். அவங்க பெரட்டை முடிச்சுட்டு, கிடைச்ச லாரியில ஏறி வந்து, கூரை ஓரத்துல காலை அகட்டி நின்னு "வசந்தா"ன்னு ஒரு குரல் குடுத்தாங்க பாருங்க, பள்ளத்தாக்குல போயி அடிச்சுத் திரும்பி வந்துச்சு. மேகம் விலகிச்சு, ஒரு வசந்தா வந்தாங்க. எங்க போஸ்ட் ஆபீஸ் வசந்தா. ஒரு கையில குடை, ஒரு கையில முட்டைகோஸ். "நான் வீட்டுக்குத்தானே போயிக்கிட்டிருந்தேன், எதுக்குக் கூப்பிட்டீங்க"ன்னாங்க. ஆள் மாறிப் போச்சுன்னு சொல்லி மன்னிப்புக் கேட்டோம்.

அதுக்குள்ள மேகம் நகர ஆரம்பிச்சுருச்சு. மணி அஞ்சு.

பொன்னுத்தாய் அண்ணாச்சியைப் பாத்துத் திரும்பினாங்க. "சார், அந்தம்மாவுக்கு வசந்தாங்கிறதுதான் பேரா?"

"ஆமா. ஆதார்ல பாருங்க. ரேசன் கார்டுல பாருங்க. பாங்க்ல பாருங்க."

"கார்டெல்லாம் மேகம் படிக்காது சார். பிறந்தப்போ வச்ச பேர் அதுதானான்னு கேக்குறேன்."

அண்ணாச்சி குரங்குக்குல்லாயைக் கழட்டிக் கையில வச்சுப் பிசைஞ்சாரு. கூரைக்குக் கீழ இருந்த பெஞ்சுல உக்காந்துட்டாரு, உக்காந்து தரையைப் பாத்துக்கிட்டே சொன்னாரு.

"எங்கம்மா பேரும் அவ பேரும் ஒண்ணு. கல்யாணமாகி வீட்டுக்குள்ள காலெடுத்து வச்ச அன்னைக்கே எங்கம்மா சொல்லிட்டாவ, ஒரு வீட்டுல ஒரே பேருல ரெண்டு பேர் எதுக்கு, நாளைக்கு நீ கோவத்துல இவ பேரைச் சொல்லி ஏட்டி வாட்டின்னு வஞ்சா எனக்குல்லா சுருக்குங்கும், அதனால வேற பேர் வச்சுக்கிடட்டும்னு. எதுத்த வீட்டுப் பிள்ளை வசந்தா அப்பத்தான் கல்யாணமாகி வெளியூருக்குப் போயிருந்தா. அந்தப் பேரு தெருவுல சும்மாதானே கெடக்குன்னு அதையே வச்சாவ. ரேசன் கார்டுலயும் அப்படியே எழுதியாச்சு."

இங்க பேருங்கிறது என்னன்னு எங்களுக்குத் தெரியும், அதை ஒருத்தர்கிட்ட இருந்து உருவிட்டு அடுத்த வீட்டுப் பேரை மாட்டிவிட்டது மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா ஆபத்துல நிக்கிற மனுசன்கிட்டப் போயி நியாயம் பேசுறது எங்க ஊர் வழக்கமில்ல. டீக்கடைக்காரர் ஒரு கிளாஸ் டீயைக் கொண்டாந்து அவர் கையில வச்சாரு.

"உங்கம்மா இருக்காங்களா?"ன்னு பொன்னுத்தாய் கேட்டாங்க.

"போயி ஒம்பது வருசமாச்சு."

"அப்போ கூப்பிடுங்க சார். நேரமாகுது."

"எங்கம்மா பேரை நான் வாயால சொன்னதே இல்லம்மா. பள்ளிக்கூடத்துப் பாரத்துல எழுதியிருக்கேன், கருமாதிப் பத்திரிகையில அச்சடிச்சிருக்கேன், அவ்வளவுதான். பேரைச் சொல்லி வா போன்னு கூப்பிட நாக்கு வரமாட்டேங்கு."

பொன்னுத்தாய் அவர் பக்கத்துல உக்காந்தாங்க. "அது உங்கம்மா பேரு மட்டும் இல்லியே சார்"னு சொன்னாங்க.

அவர் எந்திரிச்சாரு. கூரை ஓரம் வரைக்கும் போயி நின்னாரு. உதடு அசைஞ்சுது, சத்தம் வரல. அண்ணாச்சி, முனகினா வர மாட்டாங்கன்னு நான் சொன்னேன், சார்னு கூப்பிடுறதெல்லாம் அந்த நேரத்துல எனக்கு மறந்து போச்சு. அவர் கண்ணை மூடிக்கிட்டாரு.

"ஆவுடை."

கரகரன்னு வந்துச்சு. பெட்டிக்குள்ள ரொம்ப நாள் கெடந்த துணி மாதிரி. மேகம் அசையாம நின்னுச்சு. அப்புறம் உள்ள இருந்து அந்தம்மா குரல் கேட்டுச்சு, பக்கத்துல நின்னு பேசுற மாதிரி, நிதானமா. கூப்பிட்ட பேருக்கு ஆள் வராம உள்ள இருந்தே பதில் பேசி நாங்க அதுவரைக்கும் கேட்டதில்ல.

"யாரைக் கூப்பிடுதீங்க? உங்கம்மாவையா, என்னையா?"

நாங்க எல்லாரும் திரும்பி நின்னுக்கிட்டோம். புருசன் பொண்டாட்டி பேச்சை மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நின்னு கேக்கக் கூடாது. காதை மூட முடியாதே, கேட்டுச்சு.

"உன்னையத்தான்."

"இங்க நல்லாத்தான் இருக்கு. காலும் நோவல, கையும் நோவல. அந்தத் தம்பி சொன்ன மாதிரி ஒரு வேலையும் பாக்கி இல்ல."

"மேகம் கணவாயைத் தாண்டிட்டா நீ வர முடியாதாம். வந்துரு."

"கல்யாணமாகி ஆறாம் மாசம் எங்கப்பா என்னையப் பாக்க வந்தாவ, ஞாபகம் இருக்கா? பலாப்பழம் கொண்டாந்தாவ. வாசல்ல நின்னு ஆவுடைன்னு கூப்பிட்டாவ. உங்கம்மாதான் வெளிய வந்து, எவம்லே எம் பேரைச் சொல்லிக் கூப்பிடுதவன்னு கேட்டாவ. எங்கப்பா பலாப்பழத்தைத் தோள்ல வச்சுக்கிட்டே மன்னிப்புக் கேட்டாவ. அதுக்குப் பெறவு சாகுற வரைக்கும் அவுகளும் என்னைய வசந்தான்னுதான் கூப்பிட்டாவ. பேர் வச்ச அப்பனே என்னைய அடுத்த வீட்டுப் பிள்ளை பேரைச் சொல்லிக் கூப்பிட்டாவ. நீங்க பக்கத்துலதான் நின்னீங்க, பேப்பர் படிச்சுக்கிட்டு."

அண்ணாச்சி அழுதாரு. மறைக்கல, துண்டை எடுத்துத் துடைக்கவும் இல்ல.

"எனக்குத் தெரியும்"னாரு. "உனக்கு வருத்தம்னு அன்னைக்கே தெரியும். தெரியாத மாதிரி இருந்துக்கிட்டேன். அதுதான் எனக்குச் சுலுவா இருந்துச்சு. அம்மா போன பெறவாவது கூப்பிட்டிருக்கலாம். ஒம்பது வருசமா வீட்டுல ஒரே ஒரு ஆவுடைதான் இருந்தா. கூப்பிடல."

மேகம் மட்டும் மெதுவா நகர்ந்துச்சு, கணவாயைப் பாத்து. மணி அஞ்சேகால் தாண்டியிருச்சு.

அப்போ அந்த மனுசன் செஞ்சதை நான் என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். கூரையை விட்டு எறங்கினாரு. வெட்டவெளிக்குப் போனா அவரும் கரைஞ்சிருவாரு, அப்புறம் அந்தம்மாவைக் கூப்பிட வேற ஆள் இல்லியேன்னு நான் அவர் சட்டையைப் பிடிச்சேன். கையைத் தட்டிவிட்டாரு. நல்ல வேளையா மேகம் அப்போ ரோட்டுக்குக் கீழ்ப்பக்கமா எறங்கியிருந்துச்சு, ரோட்டுல அதோட ஓரம் மட்டும் தொட்டும் தொடாம இருந்துச்சு. அந்த ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டே, முட்டிவலிக்காரரு, காலைச் சாய்ச்சுச் சாய்ச்சு, மேகம் போற வேகத்துக்கு நடந்தாரு. "நீ வர வேண்டாம்னா வர வேண்டாம் ஆவுடை. உனக்கு அங்க நல்லாருந்தா இரு. ஆனா நீ போற வரைக்கும் உம் பேரைச் சொல்லிக்கிட்டே நடக்கேன், அது ஒண்ணுதான் நான் செய்ய முடியும்"னுட்டு, ஒரு அடிக்கு ஒரு ஆவுடைன்னு கூப்பிட ஆரம்பிச்சாரு. மொதல்ல பஞ்சாலையில டோக்கன் நம்பர் கூப்பிடுற மாதிரி ஒரே அளவாக் கூப்பிட்டாரு, அப்புறம் சோத்துக்குப் பிள்ளையைக் கூப்பிடுற மாதிரி இழுத்துக் கூப்பிட்டாரு, அப்புறம் சண்டை போடுறவர் மாதிரி கூப்பிட்டாரு, அப்புறம் அடுத்த அறையில இருக்கிறவளைச் சும்மா கூப்பிடுற மாதிரி, கண்ணாடிக்கும் இல்ல மாத்திரைக்கும் இல்ல ஒண்ணுக்கும் இல்ல, சும்மா. நான் ஜீப்பை மொதல் கியர்ல போட்டுப் பின்னாலயே ஊர்ந்தேன், பொன்னுத்தாய் முன்சீட்டுல, போஸ்ட் ஆபீஸ் வசந்தா முட்டைகோஸோட பின்சீட்டுல, ரோட்டோர வீட்டுல எல்லாம் சனங்க வாசல்ல வந்து நின்னாங்க, யாரும் வாய் திறக்கல, யாராவது கூடச் சேந்து கூப்பிட்டா அது அவர் கூப்பிடுறதா இருக்காதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு.

கணவாயில ஒரு எல்லைக்கல் இருக்கு. கல்லுக்கு நாப்பதடி இருக்கையில அவர் குரல் போயிருச்சு. வெறும் காத்துதான் வந்துச்சு, ஆனாலும் வாய் அந்தப் பேரையே சொல்லிச்சு. மேகத்தோட முன்பக்கம் கல்லைத் தாண்டி அந்தப் பக்கம் கவிழ ஆரம்பிச்சுது. பொன்னுத்தாய் என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம், ஒரு முழம் இருக்கும், மொதல்ல ஒரு பொட்டு தெரிஞ்சுது. அப்புறம் பச்சைச் சேலை, கெண்டைக்கால் வரைக்கும் நனைஞ்சு. அப்புறம் வெறுங்கால். கையில செருப்பு.

"முப்பத்தினாலு வருசத்துப் பேரையும் ஒரே நாள்ல கூப்பிட்டு முடிக்கணுமா"ன்னாங்க அந்தம்மா. "தொண்டை என்னத்துக்காவும்."

அவர் கழுத்துல இருந்த மப்ளரைக் கழட்டி அந்தம்மா தலையில சுத்தினாரு, சரியாச் சுத்தத் தெரியல, கண்ணை மறைச்சுச்சு. அந்தம்மா அதை விலக்கிவிடாம அப்படியே நின்னாங்க.

ஜீப்புல திரும்பி வந்துக்கிட்டிருந்தோம். பொன்னுத்தாயும் போஸ்ட் ஆபீஸ் வசந்தாவும் வழியில அவங்கவங்க வீடு வந்ததும் எறங்கிட்டாங்க. லாட்ஜுக்குக் கொஞ்ச தூரம் இருக்கையில அண்ணாச்சி செல்போன் அடிச்சுச்சு. ஓசூர்ல வேலை பாக்குற மகதான் கூப்பிட்டா, அவர் ஸ்பீக்கர்ல போட்டுட்டு, செருமிச் செருமிப் பாதிக் குரலை வரவழைச்சுக்கிட்டாரு.

"என்னப்பா, சுத்திப் பாத்தாச்சா? அம்மா எங்க?"

"ஆவுடை இந்தா பக்கத்துலதான் இருக்கா."

சிக்னல் போயிருச்சோன்னு நான் வண்டியை ஓரங்கட்டினேன்.

"யாருப்பா?"ன்னு மக கேட்டா. "ஆவுடையா? அது செத்துப்போன ஆச்சி பேருல்லா. என்னப்பா சொல்லுதீங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா? யாருப்பா பக்கத்துல இருக்கது?"

அண்ணாச்சி தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. அந்தம்மா கையை நீட்டிப் போனை வாங்கினாங்க. மப்ளரைக் கண்ணுல இருந்து மேல தள்ளிவிட்டுக்கிட்டாங்க.

"நாந்தாம்ட்டி"ன்னாங்க.